இரண்டுக்கு ஏழு

அன்னாபொலிஸ்,
செப்டம்பர் 2024

அன்புள்ள அந்தோணி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆயிற்று. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கோலை வைத்துவிட்டு நடக்கிறாய் என்று படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. மார்ச் மாதம் நம் முப்படைகளின் சர்வீசஸ் அணி அருணாசலத்து யூபியாவில் கோவாவை 1-0 என்று வென்று ஏழாவது தடவையாகச் சந்தோஷ் டிராபி கால்பந்துக் கோப்பையை எடுத்த கதையை நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். உன் ஆபரேஷனுக்கு நாலே வரி. நீ மாறவே மாட்டாய்.

இங்கே ஒரு பையனைப் பற்றி உன்னிடம் சொல்லவேண்டும். உன்னைத் தவிர வேறு யாரிடம் சொன்னாலும் பாதிதான் புரியும்.

எங்கள் ஊரில் அமெரிக்கக் கடற்படை அகாடமி இருக்கிறது என்று முன்பே எழுதியிருக்கிறேன். சுமார் 4,400 பிள்ளைகள் அங்கே நான்கு ஆண்டு படித்து, முடிக்கும்போது அதிகாரியாக வெளியே வருகிறார்கள். வீட்டை விட்டு வந்த பிள்ளைகள் என்பதால், சுற்றுவட்டாரக் குடும்பங்கள் ஆளுக்கு ஒன்றிரண்டு பேரைச் சனி ஞாயிறுகளில் வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்டுத் தூங்கவிடுவார்கள். ஸ்பான்சர் குடும்பம் என்று பெயர். நாங்களும் பெயர் கொடுத்திருந்தோம். வந்தவன் ஒஹாயோக்காரன், அகாடமி கால்பந்து அணியில் இடது விங்கர், அதாவது இடது ஓரத்தில் ஓடி ஆடுகிறவன். முதல் வருஷம் சோபாவில் படுத்தான் என்றால் சாயங்காலம்தான் எழுந்திருப்பான். இப்போது தோசைக்கு மிளகாய்ப்பொடி இல்லையென்றால் கேட்டு வாங்குகிறான். என் மனைவியை 'மேம்' என்று அழைப்பதை மட்டும் எவ்வளவு சொல்லியும் விடவில்லை.

அவன் ஆட்டத்தை ஒருமுறை போய்ப் பார்த்தேன். ராணுவ அகாடமிக்கும் கடற்படை அகாடமிக்கும் நடக்கிற போட்டி, பிலடெல்பியாவுக்குத் தெற்கே செஸ்டரில், டெலவேர் ஆற்றங்கரை மைதானத்தில். பக்கத்தில் பெரிய பாலம் ஒன்று, கொமடோர் பேரி என்ற பழைய கடற்படைத் தளபதியின் பெயரில். (ராணுவப் பையன்களை அந்தப் பாலத்தடியில் கொண்டுவந்து ஆடவிடுவதே ஓரவஞ்சனை என்று எனக்குத் தோன்றியது.) பந்து அவன் காலுக்கு வந்ததும் தலையைத் தூக்கி ஒருமுறை பார்ப்பான் பார், நம் நீலகிரி வெலிங்டன் மைதானத்தில் நீ பின்னாலிருந்து ஓடிவரும்போது பார்ப்பாயே, அதே பார்வை. அன்றைக்கே எனக்கு ஆசை பிடித்துவிட்டது, இவன் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகவேண்டும் என்று.

சிக்கல் அங்கேதான். மூன்றாம் ஆண்டு வகுப்பு தொடங்கும் முன், ஆகஸ்டில், எல்லோரும் ஒரு தாளில் கையெழுத்துப் போடவேண்டும். மிச்சப் படிப்பு இரண்டு ஆண்டு, அதன்பின் பணி ஐந்து ஆண்டு, ஆகமொத்தம் ஏழு. 'டூ ஃபார் செவன்' என்பார்கள். அதுவரை யாரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பலாம், கடனும் இல்லை கணக்கும் இல்லை. கையெழுத்துக்குப் பிறகு கிளம்பினால் படிப்புச் செலவைக் கட்டு, இல்லாவிட்டால் சாதாரண மாலுமியாக வந்து கழி.

படிப்பு முடியும்போது 22 வயது. ஐந்து ஆண்டு கழித்தால் 27. விங்கருக்கு அந்த ஐந்து வருஷம் என்னவென்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இங்கே எல்லோரும் ரோஜர் ஸ்டாபாக் என்பவரை உதாரணம் காட்டுவார்கள். இதே அகாடமியில் படித்து, வியட்நாம் போய்வந்து, 1969-இல் 27 வயதில் டல்லஸ் அணியில் சேர்ந்து பெரும் பெயர் எடுத்தவர். அவர் ஆடியது அமெரிக்கக் கால்பந்து. கையால் பந்தெறிகிறவருக்கு வயது காத்திருக்கும். இதே அகாடமியில் படித்த கூடைப்பந்து டேவிட் ராபின்சனை அவருடைய அணி இரண்டு வருஷம் காத்திருந்து எடுத்துக்கொண்டது. ஏழடி ஒரு அங்குல உயரம் இருந்தால் யாரும் காத்திருப்பார்கள்.

நம் ஆட்டத்தில் எனக்குத் தெரிந்து பக்கத்தில் வரக்கூடியவர் ஜோ கிரீன்ஸ்பான். இதே அகாடமியின் தடுப்பாட்டக்காரர், ஆறரை அடி ஆள். 2015 ஜனவரியில் எம்.எல்.எஸ். என்கிற இங்கத்திய முதல்நிலைக் கால்பந்து லீக்கின் கொலராடோ ரேப்பிட்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது, மே மாதம் கடற்படை அதிகாரியாகப் பதவியேற்றார். கிடைத்த விடுப்பில் போய் அணியோடு ஆடினார். லீவு போட்டுக் கல்யாணத்துக்குப் போவார்கள், இவர் லீவு போட்டு எம்.எல்.எஸ். ஆடப் போனார்! பின்னால் மின்னசோட்டா, பிட்ஸ்பர்க் என்று சுற்றி, 2019-இல் இரண்டாம் நிலை லீக்கில் ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதும் வாங்கினார். அந்த 2015-இல் எம்.எல்.எஸ். மாற்று ஆட்டக்காரனுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 50,000 டாலர். கோடிகளுக்காக அலைகிறார்கள் என்று நினைத்துவிடாதே.

அதற்குப் பிறகு சட்டம் நிலையில்லாமல் ஆடியது. 2016-இல் பணியைத் தள்ளிப்போட்டுத் தொழில்முறையாக ஆட வழி வைத்தார்கள். 2017-இல் பாதுகாப்பு அமைச்சர் மாட்டிஸ் அதை அடைத்தார். 2019-இல் டிரம்ப் மறுபடி திறந்தார். 2022 டிசம்பரில், படிப்பவன் பணியை முடிக்கும் முன் தொழில்முறை ஆட்டத்துக்கு ஒப்புக்கொண்டாலே அது கடமையை மீறியதாகும் என்று இங்கத்திய நாடாளுமன்றமான காங்கிரசே சட்டத்தில் எழுதிவிட்டது. ஒரு பிள்ளை அகாடமியில் சேரும்போது ஒரு விதி, முடிக்கும்போது வேறு விதி.

எனக்கு அது ஒரு பக்கம் புரிகிறது. மக்கள் வரிப்பணத்தில் படித்துவிட்டுப் பந்து ஆடப் போனால் கேட்கத்தானே செய்வார்கள். ஆனாலும் ஜூலை முழுக்க நான் அவனிடம் வேறு கல்லூரிக்கு மாறிக்கொள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். கூப்பிட்ட கல்லூரி ஒன்றும் இருந்தது. என் மனைவி, "பெற்றவர்கள் ஒஹாயோவில் இருக்கிறார்கள், நீங்கள் யார்?" என்றாள். நியாயமான கேள்வி, நான் பதில் சொல்லவில்லை.

அப்போதுதான் உன்னைப் பற்றிச் சொன்னேன். அருவங்காட்டிலிருந்து மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தது, பந்துக்காகவே உன்னை எடுத்தது, காலை பரேடுக்குப் பதில் பயிற்சிக்கு அனுப்பியது, சர்வீசஸ் தேர்வு முகாம் வரை போய் முட்டி போனது, எல்லாம். அவனால் நம்ப முடியவில்லை. "ஆடுவதற்காகவே சம்பளம் கொடுத்தார்களா?" என்று மூன்று தடவை கேட்டான். நமக்கெல்லாம் சீருடை போட்டால்தான் மைதானம், ரயில்வே, போலீஸ், ராணுவம், ஏதோ ஒன்று. அவனுக்குச் சீருடை போட்டால் மைதானம் போச்சு. இங்கேயும் முப்படை அணிகள் உண்டு, உலக ராணுவப் போட்டிகளுக்கும் போவார்கள், ஆனால் அது பணிக்கு நடுவே சில வாரம்.

அவன் கையெழுத்துப் போட்டுவிட்டான், அந்தோணி.

மறு சனிக்கிழமை வந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவனே சொன்னான். போன வருஷம் கோடையில் பயிற்சிக்காக ஒரு போர்க்கப்பலில் விட்டிருக்கிறார்கள். இரவுக் காவலில் கப்பல் மேல்தளத்தில் நின்று, விளக்குகளைப் பார்த்து எது நம்மை நோக்கி வருகிறது, எது விலகிப் போகிறது என்று சொல்லவேண்டுமாம். மூன்று வாரம் பந்து ஞாபகமே வரவில்லையாம். "அதுதான் சார் பயமாக இருந்தது" என்றான். அந்தப் பயத்தை ஒரு வருஷம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறான். நானோ அவனிடம் கல்லூரி கல்லூரி என்று அரற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்புறம் நாலு தோசை தின்றுவிட்டுக் கொல்லையில் என் பெண்ணோடு இருட்டும் வரை பந்து உதைத்தான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்த இடது கால் அப்படியேதான் இருக்கிறது. எனக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை. நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? எழுது, மழுப்பாமல் எழுது.

உன்னிடம் அவனுக்கு ஒரு வேலை இருக்கிறது. ரெஜிமெண்ட் அணி போட்டோ ஒன்று உங்கள் வீட்டுப் பீரோவில் இருக்குமே, மைதானத்தில் எடுத்தது, அதை விடாப்பிடியாகக் கேட்டான். செல்போனில் படமெடுத்து அனுப்பு. நீ எந்த வரிசை என்று நான் சொல்லப்போவதில்லை, அவனே கண்டுபிடிக்கட்டும்.

மேரிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். சப்பணமிட்டு உட்காராதே, டாக்டர் சொன்னதைக் கேள்.

உன்
செல்வம்