நெல்மணிக் கணக்கில் பூச்சியம் ஒட்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்கட்கு,

சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, பிறகு நான்கு என இரட்டித்துக்கொண்டே போய் 64 கட்டங்களையும் நிரப்ப எத்தனை நெல் வேண்டும்? பெருக்கல் விருத்தி படிப்பிக்கும்போது தவறாமல் வரும் கணக்கு இது. பயிற்சித் தாள்களிலும் பிள்ளைகளின் கொப்பிகளிலும் இதற்கு 18446744070000000000 என்ற விடையை அடிக்கடி காண்கிறோம். கணிப்பானின் திரையில் தெரியும் பத்து இலக்கங்களுக்குப் பின்னால் பத்துப் பூச்சியங்களை ஒட்டியதால் வந்த பிழை அது. சரியான விடை 18446744073709551615. விடுபட்டுப்போனது 370 கோடியே 95 இலட்சத்து 51 ஆயிரத்து 615 நெல்.

முதற் கட்டத்தின் ஒன்றைத் தவிர மற்றக் கட்டங்களில் இருப்பவை எல்லாம் இரட்டை எண்கள். ஆகவே கூட்டுத்தொகை ஒற்றை எண்ணாகத்தான் வரும்; பூச்சியத்தில் முடியவே முடியாது. இதை ஆறாம் ஆண்டுப் பிள்ளையும் கண்டுபிடிக்கும்.

முழு விடையையும் பெறச் சாதாரணக் கணிப்பானே போதும். கூட்டுத்தொகை 2இன் 64ஆம் வலுவிலும் (64 இரண்டுகளின் பெருக்கத்திலும்) ஒன்று குறைவு; அந்த வலு 2இன் 32ஆம் வலுவின் வர்க்கம். 2இன் 32ஆம் வலு 4294967296. பத்து இலக்கம் என்பதால் திரையில் முழுதாகத் தெரியும். அதை 42949, 67296 என இரண்டாக வெட்டுங்கள். முதற் துண்டின் வர்க்கம் 1844616601. இரு துண்டுகளின் பெருக்கத்தின் இருமடங்கு 5780591808. இரண்டாம் துண்டின் வர்க்கம் 4528751616. மூன்றுமே பத்து இலக்கத்துக்குள் அடங்குகின்றன. முதலாவதற்குப் பின் 10 பூச்சியம், இரண்டாவதற்குப் பின் 5 பூச்சியம் இட்டு, மூன்றையும் தாளில் கூட்டினால் 18446744073709551616. ஒன்றைக் கழித்தால் விடை. பிள்ளைகள் சறுக்குவது அந்த 5 பூச்சியத்தில்தான்; கட்டத் தாளில் எழுதினால் இலக்கங்கள் நிரை தவறாது.

சரிபார்க்க இலக்கங்களைக் கூட்டுங்கள். 4294967296இன் கூட்டு 58, அதை 9ஆல் வகுத்தால் மீதி 4. நாலின் வர்க்கம் 16, அதன் மீதி 7. பெரிய எண்ணின் கூட்டு 88, அதன் மீதியும் 7. ஆனால் அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தால் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. அதற்கு வலப்புறமிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டிக் கழிக்கும் 11இன் சோதனையையும் செய்ய வேண்டும். பெரிய எண்ணுக்கு 38 வரும், மீதி 5. சிறிய எண்ணின் மீதி 4. அதன் வர்க்கத்தின் மீதியும் 5.

மடக்கை அட்டவணையை நம்புவோருக்கும் ஓர் எச்சரிக்கை. 2இன் மடக்கையான 0.3010ஐ 64ஆல் பெருக்கினால் 19.264. இருபது இலக்கம் என்பது சரியாகவே தெரிகிறது. ஆனால் அட்டவணையில் விடுபட்ட 0.00003உம் 64 மடங்காகப் பெருகுவதால், விடையின் முன் இலக்கங்கள் 1.845 என வர வேண்டிய இடத்தில் 1.837 வரும். கணினி விரிதாளும் 15 இலக்கத்துக்கு மேல் காட்டாது. ஒன்றைக் கழித்தாலும் அங்கே எண் அசையாது.

பூச்சியம் ஒட்டுவதால் இலக்கங்கள் மட்டும் தொலைவதில்லை, எண்ணின் காரணிகளும் தொலைகின்றன. வர்க்க வித்தியாசத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் இந்த எண் 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297 என்று பிரியும். இந்த வரிசையில் வரும் எண்கள் எல்லாம் முதன்மை எண்கள் என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் பெர்மா கருதினார். கடைசி எண் 641ஆல் வகுபடும் என்று 1732இல் சுவிஸ் கணிதவியலாளர் ஒயிலர் காட்டினார், ஈவு 6700417. அதன் காரணி எதுவும் 64இன் மடங்கிலும் ஒன்று கூடியதாக இருக்க வேண்டும் என்பதால், சோதிக்க வேண்டிய முதன்மை எண்கள் 193, 257, 449, 577, அடுத்தது 641. ஐந்தே வகுத்தல்! சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர் ஒரு பாடவேளைக்குள் செய்து முடிக்கலாம்.

பயிற்சித் தாள் தயாரிப்போர் இருபது இலக்கத்தையும் அச்சிடட்டும். இடமில்லையென்றால் விஞ்ஞானமுறைக் குறிப்பீட்டில் 1.845 × 10இன் 19ஆம் வலு என்று எழுதி, அண்ணளவானது என்றும் குறிப்பிடட்டும். தங்கள் மாணவர் பக்கத்திலும் இவ்வாறே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

கணித ஆசிரியர்கள் சிலர்,
யாழ்ப்பாணம்.