அந்த வீடியோவை அழித்துவிடு

ஸ்ரீவில்லிபுத்தூர்
ஞாயிற்றுக்கிழமை மதியம்

அன்பு மகன் கதிருக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனை எடுத்தால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், தெரு முழுக்கக் கேட்கிறது.

முதலில் ஒரு காரியம் செய். பத்து நாளைக்கு முன்னால் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினேன் அல்லவா, இடுப்புக்கு அடியில் இருக்கிற தசையை இறுக்கி இறுக்கி விடுகிற கீகல் பயிற்சி, ஆண்கள் கட்டாயம் செய்ய வேண்டியது என்று, அதை அழித்துவிடு. செய்யத் தொடங்கியிருந்தால் நிறுத்திவிடு. நீல டிக் வந்தது, அதனால் பார்த்தாய் என்று தெரியும். செய்தாயா இல்லையா என்பதுதான் வியாழக்கிழமையிலிருந்து என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

அதை ஏன் அனுப்பினேன் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பொங்கலுக்கு வந்தபோது நீ ஒரு வேளைகூட உட்கார்ந்து சாப்பிடவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தூணில் சாய்ந்து நின்றாய். பெங்களூர்ப் பழக்கம் என்று அம்மா சொல்லிவிட்டாள். ராத்திரி நாலு தடவை பாத்ரூம் லைட் எரிந்தது. நானும் விழித்திருக்கிறவன்தானே, எண்ணினேன். நீ கிளம்பிப் போனபின் குப்பைக்கூடையில் இரண்டு காலி மாத்திரை அட்டை. ஒன்று சிப்ரோஃப்ளாக்சசின், கிருமிக்குக் கொடுக்கிற ஆன்டிபயாட்டிக். இன்னொன்று டாம்சுலோசின், மூத்திரம் தடையில்லாமல் போவதற்கு. இரண்டாவது எனக்கு நன்றாகத் தெரிந்த அட்டை, மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிற புராஸ்டேட் சுரப்பியில் ஆபரேஷன் செய்வதற்கு முன்னால் இரண்டு வருஷம் தினமும் சாப்பிட்டவன். அறுபதைத் தாண்டியவன் சாப்பிடுகிற மாத்திரை முப்பத்தொரு வயசுப் பிள்ளைக்கு எதற்கு?

கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை, வீடியோ அனுப்பினேன். ஆபரேஷன் முடிந்து குழாயை எடுத்தபின் இருமினாலே வேட்டி நனைந்ததே, அதை நிறுத்தியது அந்தப் பயிற்சிதான். எனக்கு நல்லது செய்தது உனக்கும் செய்யும் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை மதுரைக்கு செக்கப்புக்குப் போனபோது எனக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்த பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டேன், என் நண்பர் மகன் ஒருவனுக்கு இப்படி இப்படி, நான் இந்த வீடியோவைக் கொடுத்தேன் என்று. உன் வயசுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. 'ஐயோ சார், பார்க்காம கொள்ளாம எதுக்குக் கொடுத்தீங்க' என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, 'உங்க பையனை ஒருதடவை யாராவது பார்க்கட்டும் சார்' என்றாள். நண்பர் மகன் என்றுதான் சொன்னேன், சத்தியமாக.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். முன்னால் இடுப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரைக்கும் அடியில் தசைகள் விரித்துக் கட்டியிருக்கின்றன. பெல்விக் ஃப்ளோர் என்கிறார்கள், தமிழில் இடுப்புத்தளம். மூத்திரப்பை, மலக்குடல், புராஸ்டேட் எல்லாம் அதன் மேல்தான் இருக்கின்றன. அப்பத்தாவின் கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள். எனக்கு ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் கயிறு தொய்ந்து கிடந்தது, இழுத்துக் கட்ட வேண்டியிருந்தது. கீகல் என்பது அந்த இழுத்துக் கட்டுகிற வேலை. சிலருக்கு அது ஏற்கெனவே விறைத்து முறுக்கிக் கிடக்குமாம். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்வது, மூத்திரத்தை அடக்குவது, மனசில் எதையாவது போட்டு அழுத்திக்கொண்டு அடியில் இறுக்கிப் பிடிப்பது, காரணம் பல. அந்தக் கட்டிலை மேலும் இழுத்தால் என்ன ஆகும்? வலி கூடும், மூத்திரம் அடிக்கடி முட்டும். அந்த வேலையைத்தான் நான் உனக்கு வீடியோவாக அனுப்பியிருக்கிறேன்.

அழித்துவிட்டாயா?

இன்னொன்றும் சொன்னாள். இந்த மாதிரி வலிக்கு புராஸ்டேட்டில் கிருமி என்று சொல்லி மாத்திரை மேல் மாத்திரையாகக் கொடுப்பார்களாம். புராஸ்டேட் அழற்சி என்று வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் கிருமியே இருக்காதாம். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 1995-இலேயே இதை நாலு வகையாகப் பிரித்து, கிருமி இல்லாமல் நாள்பட வலிப்பதைத் தனி வகையாக வைத்துவிட்டது. மூத்திரத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கிற யூரின் கல்ச்சரில் உனக்கு என்ன வந்தது? ஒன்றும் வளரவில்லை என்று வந்திருந்தால், எதற்கு அந்த ஆன்டிபயாட்டிக், எத்தனை கோர்ஸ் முடிந்தது என்று டாக்டரிடமே கேள். அதற்காக டாக்டரை விட்டுவிடாதே. முதலில் மூத்திரப் பாதையைப் பார்க்கிற டாக்டர், யூராலஜிஸ்ட்தான். மூத்திரத்தில் ரத்தம், காய்ச்சல், உட்காரும் இடத்தில் மரத்துப்போவது, இதில் ஏதாவது இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். இருக்கிறதா?

பிசியோதெரபி என்றால் நீ கரண்ட் வைப்பது, மெழுகு ஒத்தடம் என்று நினைப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். இது வேறு. முதலில் உட்கார வைத்து முக்கால் மணி நேரம் கேள்வி கேட்பார்கள். அப்புறம் அடிவயிறு, தொடை, பிட்டம் எல்லாம் அழுத்திப் பார்த்து, எந்த முடிச்சைத் தொட்டால் உன் வலி அப்படியே வருகிறது என்று தேடி, அதைத் தளர்த்துவார்கள். உள்ளே இருக்கிற தசையை எட்ட வேண்டுமானால் கையுறை போட்ட விரலால் ஆசனவாய் வழியாகத்தான் முடியுமாம். எழுதும்போது எனக்கே கூசுகிறது. முன்கூட்டியே சொல்லி உன் சம்மதம் வாங்கித்தான் செய்ய வேண்டும். வேண்டாம் என்றால் வெளியிலிருந்து செய்வதை மட்டும் செய்யச் சொல். சில இடத்தில் தசை இறுகுவதும் தளர்வதும் திரையில் கோடாகத் தெரிகிற கருவியும் இருக்கிறது.

அமெரிக்காவில் இந்த மாதிரி வலி இருந்த 47 பேரை வைத்து ஒரு சோதனை செய்து 2009-இல் வெளியிட்டிருக்கிறார்கள், அதில் 23 பேர் ஆண்கள். வாரம் ஒரு மணி நேரம் வீதம் பத்து தடவை வரைக்கும் சிகிச்சை. இந்த முறையில் தசையைத் தளர்த்தியவர்களில் 57 சதவீதம் பேருக்கு நன்றாகக் குறைந்தது. சாதாரண உடம்பு மசாஜ் மட்டும் செய்தவர்களில் 21 சதவீதம். அவள் போனில் காட்டியதை டைரியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தேன். கேஷியர் புத்தி. எல்லோருக்கும் கேட்கும் என்று அவள் சொல்லவில்லை. நாலு நாளில் கேட்கும் என்றும் சொல்லவில்லை. பொறுமை வேண்டும்.

அதுவரைக்கும் வீட்டில் செய்ய ஒன்றே ஒன்று சொன்னாள். மல்லாந்து படுத்து, கால் இரண்டையும் நாற்காலி மேல் மடக்கிப் போட்டு, வயிறு உப்புகிற மாதிரி மெதுவாக மூச்சை இழுக்க வேண்டும். மூச்சு உள்ளே இறங்கும்போது அந்தத் தளமும் கூடவே இறங்கித் தளருமாம். இறுக்கவே கூடாது, விட வேண்டும். அரை மணிக்கு ஒருதரம் எழுந்து நட. வெளிக்குப் போகும்போது முக்காதே, கால் அடியில் முக்காலி போட்டுக்கொள். குந்தி உட்கார்ந்தால் அந்தத் தசை தானாகத் தளரும் என்கிறாள். நீ காசு செலவழித்துப் பின்கட்டுக் கக்கூஸை இடித்து வெஸ்டர்ன் போட்டுக் கொடுத்தபோது நான் என்ன சொன்னேன், நினைவிருக்கிறதா? சரி, விடு.

பெங்களூரில் தேடும்போது பெல்விக் ஃப்ளோர் பார்ப்பீர்களா என்று மட்டும் கேட்காதே, ஆண்களுக்கும் பார்ப்பீர்களா என்று சேர்த்துக் கேள். பிரசவமான பெண்களுக்கு மட்டும் பார்க்கிறவர்கள் நிறைய இருக்கிறார்களாம்.

தங்கச்சி கல்யாணக் கடன் முழுவதையும் நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்தே அடைத்தாய். ஊரில் யார் கேட்டாலும் சொல்கிறேன், உன்னிடம் சொன்னதில்லை. ஆனால் சிவகாசிப் பெண்ணை வேண்டாம் என்றபோது காரணம் சொல்லாமல் போனாய், அது தப்பு. மாமா முன்னால் வைத்து 'உனக்கு என்னடா குறை' என்று நான் கத்தியது அதைவிடத் தப்பு.

எழுத வேண்டியதை இன்னும் எழுதவில்லை.

1984-இல் எனக்கு 23 வயசு. சொசைட்டியில் கேஷ் கவுண்டருக்குப் புதுசு. உட்கார்ந்தால் அடியில் கங்கு வைத்த மாதிரி எரியும். யாரிடம் சொல்வது? வாரப் பத்திரிகையில் விளம்பரம் வரும், இளமையில் செய்த தவறுக்கு வைத்தியம், இன்ன தேதி மதுரையில் இன்ன லாட்ஜ், இன்ன ரூம் என்று. போனேன். அந்த ஆள் என்னைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கல்யாணம் செய்தால் ஒரு பெண் பாவம் உன்னைச் சும்மா விடாது என்றார். லேகியம் டப்பா 600 ரூபாய், மூன்று டப்பா. என் சம்பளம் 410.

அப்பத்தாவின் சிவப்புக்கல் தோடு காணாமல் போன கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தாய். எடுத்தது நான். சித்தப்பா சண்டை போட்டுத் திருப்பூருக்குக் கிளம்பியது அதே வாரம். எல்லோரும் அவனைச் சொன்னார்கள், நான் வாயைத் திறக்கவில்லை. நம் வீட்டு விசேஷத்துக்கு வந்தால் ஏன் கை நனைக்காமலே போகிறார் என்று தங்கச்சி கல்யாணத்தில் என்னிடம் கேட்டாயே. அப்பத்தா சாகிற வரைக்கும் அவனைத்தான் திட்டினாள்.

அப்புறம் என்னைக் கடன் வசூலுக்குப் போட்டார்கள். ஊர் ஊராக நடந்தேன், வலி கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. லேகியம் வேலை செய்தது என்று நாற்பது வருஷம் நினைத்திருந்தேன்.

உன்னிடமும் யாராவது அந்த லாட்ஜ் ஆள் மாதிரி பேசியிருந்தால் நம்பாதே. தாம்பத்தியம் சம்பந்தமாக என்ன சந்தேகம் இருந்தாலும் டாக்டரிடம் கூசாமல் கேள். பணம் வேண்டுமானால் என் எஃப்டி ஒன்று அடுத்த மாதம் முதிர்கிறது.

பார்சலில் இருக்கும் பால்கோவா அம்மா வைத்தது. அத்திப்பழம் நான் வைத்தது, அதை முதலில் தின்.

காலையில் ஆறிலிருந்து ஏழு வரைக்கும் அம்மா கோயிலில் இருப்பாள், போன் என்னிடம் இருக்கும். பேச முடியாவிட்டால் வேண்டாம். அழித்தாச்சு என்று ஒரு வரி அனுப்பு.

அப்பா