தம்பி, புது ரவுட்டர் வாங்காதே
கோண்டாவில்
ஞாயிறு காலை

அன்பு மகனுக்கு,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மாமி வரும்போது புது ரவுட்டர் கொடுத்துவிடுகிறேன் என்றாயே, அது வேண்டாம். பின் அறை ரவுட்டர் பழுதாகவில்லை. என்ன பிழை என்று நேற்றுப் பின்னேரம் கண்டுபிடித்துவிட்டேன்.

போன வருசம் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நின்றபோது நீ பூட்டித் தந்தபடியேதான் எல்லாம் இருக்கிறது என்று இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். முன் விறாந்தையில் ஃபைபர் ரவுட்டர், அதிலிருந்து கூரைக்குக் கீழால் ஒரு வயர், குசினிக்குப் பக்கத்து அறையில் உன்னுடைய ரவுட்டர். நாற்சார் வீட்டுச் சுவர் மொத்தம் என்று உனக்குத் தெரியும், முன்னுக்கு இருக்கிற வைஃபை முற்றத்தைத் தாண்டாது.

ஒரு மாதமாக, உன்னுடைய ரவுட்டரைப் போனிலிருந்து பார்க்கிறதற்கு இருக்கிற ஆப்பைத் திறந்தால் ரவுட்டரைக் காணவில்லை என்றே வந்தது. இணையமும் அப்படித்தான், அப்பாவின் போனில் வரும், என்னுடையதில் வராது, மறுநாள் மாறி நடக்கும். இங்கே காலை 10 மணிக்கு நான் எடுத்தால் உனக்கு இரவு 12.30, விடிய வேலைக்குப் போகிற பிள்ளை கண் எரிய எரிய எனக்குச் சொல்லித் தந்துகொண்டிருக்கிறாயே என்று எனக்குப் பெரிய கவலையாக இருந்தது.

சந்திக் கடையில் கேட்டபோது சின்னத் துளைக்குள் ஊசியால் குத்தி ரீசெட் பண்ணச் சொன்னார்கள். நான் செய்யவில்லை, நல்லதாகப் போயிற்று. செய்திருந்தால் நீ வைத்த பெயரும் கடவுச்சொல்லும் அழிந்திருக்கும், பிழை மட்டும் அப்படியே கிடந்திருக்கும்.

நீ சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தடையைச் சுற்றி வேறு வழியால் இணையத்துக்குப் போகிற விபிஎன் ஒன்று போனில் கிடந்தது, 2022 ஏப்ரலில் அரசாங்கம் வாட்ஸப்பையும் முகநூலையும் மறித்த நேரம் போட்டது, அதை எடுத்துவிட்டேன். ஆப்புக்கு லொகேஷன் அனுமதி கொடுத்தேன். மொபைல் டேட்டாவை நிறுத்தினேன், உடனே ஆப் ஒரு தரம் திறந்தது! மறுநாள் திரும்பவும் இல்லை. அந்த ஒரு தரம்தான் என்னை யோசிக்க வைத்தது. பழுதான சாமான் என்றால் ஒரு நாள் மட்டும் ஏன் திறக்க வேண்டும்?

பிறகு கொப்பி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, பின் வைஃபையில் சேர்ந்த ஒவ்வொரு தரமும் செட்டிங்கில் கேட்வே என்று இருக்கிற இலக்கத்தை, அதாவது போன் எந்த ரவுட்டர் வழியாக வெளியே போகிறது என்று காட்டுகிறதை, எழுதினேன். உன்னுடைய ரவுட்டருக்கு அடியில் ஒட்டியிருக்கிறது 192.168.0.1, முன்னுக்கு இருக்கிறதில் 192.168.1.1. பின் வைஃபையில் நிற்கும்போது எப்போதும் 0.1 அல்லவா வர வேண்டும்? எனக்குச் சில நேரம் 0.1, சில நேரம் 1.1. 1.1 வந்தால் இணையம் இருக்கும், ஆப் முன் ரவுட்டரிடம் போய்த் தேடிவிட்டுக் காணவில்லை என்று சொல்லும். 0.1 வந்தால் இணையம் இல்லை, போன் தானாக டேட்டாவுக்குத் தாவிவிடும், ஆப்புக்கு அப்போதும் வழி இல்லை.

கதிரையை இழுத்துப் போட்டு ஏறி ரவுட்டரின் பின்பக்கத்தைப் பார்த்தேன். முன்னுக்கிருந்து வருகிற வயர், இணையம் உள்ளே வருகிற நீலத் துளையில் இல்லை, வீட்டுச் சாமான்களைப் பூட்டுகிற மஞ்சள் துளையில் இருந்தது. சுவருக்கு வெள்ளை அடிக்க வந்த பிள்ளைகள் கழற்றிவிட்டுத் திரும்பப் பூட்டினவர்கள், அவர்களுக்கு எப்படித் தெரியும், துளைகள் எல்லாம் ஒரே அளவு. மஞ்சளில் பூட்டினால் இரண்டு ரவுட்டரும் ஒரே வலையில் நின்று இரண்டுமே போன்களுக்கு முகவரி கொடுக்கத் தொடங்கிவிடும். ஒரே வகுப்பில் இரண்டு ரீச்சர்மார் நின்று இரண்டு இடாப்புக் கூப்பிட்டால் பிள்ளைகள் என்ன செய்யும்? முப்பது வருசம் படிப்பித்த எனக்கு அது உடனே விளங்கியது.

வயரை நீலத்துக்கு மாற்றி, இரண்டையும் நிறுத்தி, முன்னுக்கு இருக்கிறதை முதலில் போட்டு, அது நின்று எரிந்த பிறகு பின்னுக்கு இருக்கிறதைப் போட்டேன். ஆப் திறந்தது தம்பி. நேற்று முழுக்க நாலைந்து தரம் திறந்து பார்த்துவிட்டேன்.

அப்பா மட்டும் விறாந்தையில் இருந்துகொண்டு தனக்கு ஆப் வரவில்லை என்கிறார். முன் வைஃபையில் நின்றால் வராதுதானே. பின் ரவுட்டர் வேலி அடைத்த வளவு மாதிரி, உள்ளே நிற்கிறவர் படலையைத் திறந்து றோட்டுக்குப் போகலாம், றோட்டில் நிற்கிறவருக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. பின் வைஃபையில் இருந்து 192.168.1.1 போட்டால் முன் ரவுட்டரின் பக்கம் வடிவாக வருகிறது, முன்னுக்கு நின்று 0.1 போட்டால் ஒன்றும் இல்லை. அவருக்கும் பின் வைஃபையைப் போட்டுக் கொடுத்தேன், சரி.

இன்னும் ஒன்று உன்னிடம் கேட்க வேண்டும். முன் அறைப் பிரிண்டரைப் பின் வைஃபையில் இருந்து போன் காண்பதில்லை. ஆப்பில் அக்சஸ் பாயின்ட் என்று ஒரு முறை இருக்கிறது, அதற்கு மாற்றினால் முகவரி கொடுக்கிற வேலையை முன் ரவுட்டர் மட்டும் பார்க்கும், வீடு முழுக்க ஒரே வலையாகிவிடும் என்று விளங்குகிறது. அப்போது பின் ரவுட்டரின் இலக்கமும் மாறும், புதிசைக் கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். நீ ஓம் என்றால் மாற்றுகிறேன், பகலில் ஒரு வரி எழுதிவிடு, இதற்காக முழித்திருக்காதே.

அடுத்த ஞாயிறு குசினிக்குள் நின்றே வீடியோவில் எடுக்கிறேன். அன்றைக்கு ஒடியல் கூழ்.

அம்மா