மீன்குஞ்சு விடுவது நீர்த்தேக்கத்தோடு நிற்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கை மலைநாட்டின் காசல்ரீ, மவுசாக்கலை, கொத்மலை நீர்த்தேக்கங்களில் மீன்குஞ்சு விடும் படம் வந்தால், கீழே எத்தனை இலட்சம் என்பது மட்டுமே இருக்கும். என்ன இனம், என்ன அளவு, எந்த இடம் என்று யாரும் எழுதுவதில்லை. நன்மை தீமை இரண்டும் அந்த மூன்றில்தான் தங்கியிருக்கின்றன.

கட்லா, ரோகு, மிரிகால் ஆகிய மூன்று கெண்டை இனங்களும் தேங்கிய நீரில் முட்டையிடா. பொரிப்பகத்தில் ஹோர்மோன் ஊசி போட்டுத்தான் குஞ்சு எடுக்கிறார்கள். கணக்கு மீறி விட்டுவிட்டாலும் அடுத்த ஆண்டு நிறுத்தினால் சரியாகிவிடும். தானாகப் பெருகும் இனத்தில் அந்த வசதி கிடையாது. பிரித்தானியர் தூண்டில் பொழுதுபோக்குக்காக மலை ஓடைகளில் விட்ட றெயின்போ ட்ரவுட் என்ற மீன் ஹோர்டன் சமவெளியில் இன்றும் இருக்கிறது. அந்தச் சமவெளியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத கரிடினா சிங்கலென்சிஸ் என்ற சிற்றிறாலுக்கு அது ஓர் அச்சுறுத்தல்.

இதே றெயின்போ ட்ரவுட் கடலுக்குப் போய் ஆற்றுக்குத் திரும்பினால் அதற்கு ஸ்டீல்ஹெட் என்று பெயர். அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு அது சொந்த மீன். அங்கேயே பொரிப்பகக் குஞ்சின் முதுகிலுள்ள கொழுப்புத் துடுப்பை வெட்டி அடையாளமிட்டு விடுகிறார்கள். துடுப்பு முழுதாக இருக்கும், ஆற்றில் தானாகப் பிறந்த காட்டு மீனைப் பல ஆறுகளில் பிடித்தவர் திருப்பி விட்டாக வேண்டும். பொரிப்பகக் குஞ்சைக் கடலுக்குப் புறப்படும் பருவம்வரை வளர்த்தே திறந்துவிடுகிறார்கள். சிறிதாக விட்டால் ஆற்றிலேயே தங்கி, காட்டுக் குஞ்சின் இடத்தையும் இரையையும் பிடித்துக்கொள்ளும். ஒரேகனின் ஹூட் ஆற்றில் செய்து 2007இல் வெளியான ஆய்வின்படி, பொரிப்பகத்தில் வளரும் ஒவ்வொரு தலைமுறைக்கும் இனப்பெருக்கத் திறன் சுமார் 40 சதவீதம் குறைகிறது.

இங்கே செய்ய வேண்டியது கடினமல்ல. ஓடை வந்து விழும் முகப்பில் குஞ்சு விட வேண்டாம். லொறியை நிறுத்தப் பாலத்தடி வசதிதான், ஆனால் அங்கிருந்துதான் குஞ்சு மேலோடைக்கு ஏறி, பாறையில் மேயும் நம் சிறு மீன்களோடு போட்டிக்கு நிற்கும். தென்மேற்குப் பருவமழையில் நீர்த்தேக்கம் நிரம்பி வான் பாயும் வாரங்களிலும் வேண்டாம். விட்டதில் பெரும்பகுதி கீழே போய்விடும். 7, 8 சென்ரிமீற்றருக்குக் குறைந்த குஞ்சு பெரிய மீனுக்கு இரைதான்.

உடவளவை, தம்புள்ளைப் பக்கத்துச் சூட்டு நீரிலிருந்து வரும் குஞ்சுக்கு மலைநாட்டு நீர் பெரிய அதிர்ச்சி. ஏற்றுவதற்கு முதல் நாளே இரையை நிறுத்த வேண்டும். ஒட்சிசன் பையை அவிழ்க்காமல் 20, 30 நிமிடம் நீரில் மிதக்கவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீர்த்தேக்க நீரைக் கலந்து, குஞ்சு தானாக நீந்திப் போகும்வரை பொறுக்க வேண்டும். அப்படியே கொட்டினால் அப்போதே சாகாது; படமெடுத்தவர்கள் போன பிறகுதான் சாகும்.

கெண்டை இனத்துக்குக் கொழுப்புத் துடுப்பு இல்லை. எனவே நூற்றுக்குப் பத்துக் குஞ்சுக்கு ஒரு வயிற்றுத் துடுப்பை அடியோடு வெட்டலாம். நுனியை மட்டும் வெட்டினால் திரும்ப முளைத்துவிடும். மீனவர் சங்கங்கள் அவற்றை எண்ணித் தந்தால், விட்டதில் எவ்வளவு வலைக்கு வந்தது என்பது தெரியும். அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு அடுத்த தொகுதிக்குப் பணம் ஒதுக்கட்டும்.

இப்படிக்கு,
நன்னீர் மீன் வளர்ப்புத் துறையினர் சிலர்,
ஹட்டன்.