பொருள்: அசல் என்று விற்ற 1945 மே 8 நாளிதழ், மறுபதிப்பாக வந்தது – முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்டு

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். சாட்டில் எழுதி, போனில் காத்துக் கிடந்து, மெயில் அனுப்பி ஓய்ந்துபோய் இதை எழுதுகிறேன். அந்தத் தோல் உறை போட்ட 'பிறந்தநாள் நாளிதழ்' பெட்டிதான். எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

என் மாமனார் பிறந்தது ஐரோப்பாவில் போர் முடிந்ததைக் கொண்டாடிய அந்த மே 8 அன்று. அன்றைய லண்டன் நாளிதழின் அசல் பிரதி என்று சான்றிதழோடு அனுப்பினீர்கள். அவர் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். தலைப்பைக்கூடப் படிக்கவில்லை, தாளைத் திருப்பி விரலால் தடவினார். "மாப்பிள்ளை, அழுத்தமே விழலையே, இது ஆஃப்செட்" என்றார். அந்தக் கால நாளிதழில் மேடான எழுத்தைத் தாளில் அழுத்தி அச்சடித்ததால் தடம் விழும்; பின்னால் வந்த ஆஃப்செட் அச்சில் அது விழாது. சொந்தபந்தம் மொத்தமும் கேட்டது. அன்றைக்குப் போன மானம் இந்த ஜென்மத்தில் திரும்பாது.

அப்புறம் நானும் உற்றுப் பார்த்தேன். நாளிதழ்ப் படங்களை உருவாக்கும் குட்டிப் புள்ளிகள் ஒன்றோடொன்று அப்பிக் கிடக்கின்றன. அச்சான படத்தையே மறுபடி படமெடுத்து அச்சடித்தால் அப்படித்தான் ஆகும். அந்தக் கால நாளிதழின் மரக்கூழ்த் தாள் விளிம்பிலும் மடிப்பிலும்தான் முதலில் பழுப்பேறும், மடித்தால் நொறுங்கும். நீங்கள் அனுப்பியதோ டீயில் முக்கியெடுத்ததுபோல ஒரே சீரான மஞ்சள்!

இதைச் சொன்னதற்கு, பெயர் சொல்ல மறுத்த உங்கள் ஊழியர் கேட்டது: "சார், செய்தி அதேதானே? ஃப்ரேம் போட்டு மாட்டினா யாருக்குத் தெரியும்?" செய்தி போதுமென்றால் நானே பிரிண்ட் எடுத்திருக்க மாட்டேனா? போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டில் பழைய தாளையெல்லாம் திரட்டிக் கூழாக்கினார்கள், அதில் தப்பிய பிரதி என்பதால்தான் இந்த விலை என்று விளம்பரத்தில் எழுதியதும் நீங்கள்தானே?

திருப்பி அனுப்பச் சொன்னீர்கள். லீவு போட்டுவிட்டுக் கூரியர் அலுவலகத்துக்குப் போனால், உங்கள் ரிட்டர்ன் எண் காலாவதியாம். பெட்டியைச் சுமந்துகொண்டு திரும்பினேன். அதைச் சொன்னபோதும் அதே ஊழியர்தான், சிரித்தார். அந்தச் சிரிப்பை மட்டும் நான் விடப்போவதில்லை.

சரி, சண்டை போட எனக்கும் ஆசையில்லை. உங்களிடம் நல்ல பிரதிகளும் இருக்கலாம். தயவுசெய்து முழுப் பணத்தையும் கூரியர் செலவையும் பத்து நாளுக்குள் அனுப்பிவிடுங்கள். மாமனாருக்கு எழுத்தில் மன்னிப்பும் வேண்டும். இல்லையென்றால் நுகர்வோர் நீதிமன்றம்தான். சான்றிதழ் என் கையில் இருக்கிறது. போனில் பேசியதும் பதிவாகியிருக்கிறது. மாற்றுப் பிரதி அனுப்புவதாக மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
நொந்துபோன வாடிக்கையாளர்