காணொளிப் பாடம் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மென்பொருள் உருவாக்குநர்களுக்கு இணையப் பாடங்களை வாங்கிக் கொடுத்து, அவரவர் வேகத்தில் படித்துக்கொள்ளச் சொல்லிவிட்டால் பயிற்சி முடிந்ததாக நிறுவனங்கள் கருதுகின்றன. செலவு குறைவு என்பது உண்மைதான். ஆனால் எம்ஐடியும் ஹார்வர்டும் எட்எக்ஸ் என்ற இணையக் கல்வித் தளத்தில் நடத்திய, யாரும் சேரக்கூடிய திறந்தநிலைப் படிப்புகளில் 2017-18இல் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினரே அவற்றை முடித்தனர். (சும்மா எட்டிப் பார்க்கச் சேர்ந்தவர்களும் இதில் அடக்கம் என்பதால், இந்த எண்ணை நிறுவனப் பயிற்சிக்கு அப்படியே பொருத்த முடியாது.)

புதிய நிரல்மொழியின் அடிப்படைகளைத் தனியாகப் படிப்பதே நல்லது. அனுபவமுள்ளவரை வகுப்பில் உட்கார வைத்து அவற்றை விளக்குவது நேர விரயம். ஆனால் பலர் ஒரே நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்து இணைக்க உதவும் கிட் (Git) கருவியை எடுத்துக்கொள்வோம். அதன் கட்டளைகளைக் காணொளி பார்த்தே கற்றுவிடலாம். ஆயினும், இருவர் ஒரே கோப்பின் ஒரே வரியைத் திருத்தி, இணைக்கும்போது முரண்பாடு எழுந்து, அம்புக்குறிகளுக்கு நடுவே இரு வடிவங்களும் திரையில் நிற்கையில், சக ஊழியரின் திருத்தத்தை அழித்துவிட்டுப் பிழை நீங்கியதாக நிம்மதி அடைபவரை, அருகில் இருக்கும் பயிற்றுநர்தான் தடுத்து நிறுத்துவார்.

ஆகவே, பாடங்களைத் தனியே படிக்கவிட்டு, வாரம் இரண்டு மணி நேரமாவது ஒன்றாக உட்கார்ந்து ஒருவர் எழுதிய நிரலை மற்றவர்கள் அலசும் கலப்புமுறையையே நான் பரிந்துரைப்பேன். அங்கும் காணொளியில் வந்ததையே பயிற்றுநர் ஒப்பிப்பதானால் அது வேண்டியதில்லை. அந்த இரண்டு மணி நேரத்தையும் ஊழியரின் ஓய்வு நேரத்திலிருந்து எடுக்காமல், பணிநேரத்திலிருந்தே ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்