பம்பைக்கு மூச்சுவிட இடம் கொடுங்கள்: எங்கள் ராக் குழுவுக்கு வேலூரிலிருந்து ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார் நால்வருக்கும், பாஸ் கிதார் அக்காவுக்கும், ஆல்பத்தை வெளியிட்ட நிறுவனத்தின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

புது ஆல்பம் வந்த நாளிலிருந்து ரசிகர்களுக்குள் நடக்கும் சண்டை உங்களுக்குத் தெரியும். "மாஸ்" என்று ஒரு கூட்டம், "தலைவலி" என்று ஒரு கூட்டம். அந்தக் கதையை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. பாட்டு பிடிக்காமலும் எழுதவில்லை. மெட்டில் குறையில்லை, வரிகளில் குறையில்லை, குரல் முன்னைவிடத் தேறியிருக்கிறது. குறை முழுவதும் கடைசிக் கட்ட வேலையில், அதாவது மாஸ்டரிங்கில் இருக்கிறது: சத்தத்தைக் கூட்டுவதற்காக ஒலியின் ஏற்ற இறக்கத்தை நசுக்கிவிட்டார்கள். இதைப் பற்றி நேரலையில் ஒருவர் கேட்டதற்கு, "போன் ஸ்பீக்கர்ல கேட்டா அப்படித்தான் இருக்கும், நல்ல சிஸ்டத்துல போட்டுக் கேளுங்க" என்று சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டீர்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் இந்த மடல்.

நல்ல சிஸ்டத்தில்தான் இன்னும் மோசம். போனின் சின்ன ஸ்பீக்கரில் கீழ்க்குரல் வராது. அதனால் அங்கே இருக்கும் கரகரப்பும் முழுதாகக் காதில் விழாது. பெரிய பாக்ஸில் போட்டால் எல்லாம் வெளியே வந்துவிடுகிறது. எனவே முதலிலேயே கேட்டுவிடுகிறோம்: இதே பாட்டுகளை நசுக்காமல் இன்னொரு மாஸ்டர் (வெளியீட்டுக்கான கடைசிக் கோப்பு) செய்து வெளியிடுங்கள். கேட்பது இது ஒன்றுதான்.

நான்காவது பாட்டை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் பம்பை வருகிறது. வட ஆற்காட்டுக்காரர்களுக்குப் பம்பையை யாரும் அறிமுகம் செய்யத் தேவையில்லை. அங்காளம்மன் கோயில் திருவிழாவிலும் அம்மனை வர்ணித்து அழைக்கும் இடத்திலும் காது பழகிய வாத்தியம். ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய இரண்டு உருளைகளில் ஒன்று மரம், ஒன்று வெண்கலம். மர உருளை "தொப்"பென்று அடங்கும். வெண்கலம் அடி விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் உள்ளே உறுமும். பம்பை வாசிப்பின் பேச்சே இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. அந்த வித்தியாசம் எங்கே தெரிகிறது? குச்சி தோலில் படும் முதல் ஐந்து, பத்து மில்லி நொடியிலும், அதன் பிறகு ஒலி அடங்கும் விதத்திலும். உங்கள் ஆல்பத்தில் முதலாவதை லிமிட்டர் (ஒலியின் உச்சியை ஓர் அளவுக்கு மேல் போகவிடாத கருவி) வெட்டிவிட்டது, இரண்டாவதைத் தூக்கி முதலாவதின் உயரத்துக்கே நிறுத்திவிட்டது. இப்போது மரம் எது, வெண்கலம் எது என்று பம்பை கேட்டு வளர்ந்த காதுக்கே தெரியவில்லை. யாரோ தகர டப்பாவைத் தட்டுகிறார்கள். எங்கள் பக்கத்து வாத்தியத்தை ராக் பாட்டில் சேர்த்தீர்கள் என்று கொண்டாடத் தயாராக இருந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஏமாற்றம் என்று நினைத்துப் பாருங்கள்.

வாசித்தவர்கள் மேல் பிழை இல்லை, பதிவு செய்தவர் மேலும் இல்லை. சாட்சி உங்களிடமே இருக்கிறது. ஆல்பத்துக்கு முன்னால் வெளியிட்ட ஒலிப்பதிவுக் கூடக் காட்சியில் இதே பம்பை அரை நிமிடம் வருகிறது. வெறும் கேமரா மைக்கில் பிடித்த ஒலி. அதில் மரம் மரமாக, வெண்கலம் வெண்கலமாகக் கேட்கிறது. கேமராவில் கிடைத்தது ஆல்பத்தில் கிடைக்கவில்லை என்றால் நடுவில் எங்கோ கைவைத்திருக்கிறார்கள்.

கைவைத்த அளவு எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுகிறோம். காசு கொடுத்துப் பதிவிறக்கிய கோப்பை ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளில் திறந்து யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உங்கள் முதல் ஆல்பத்தின் அலைவடிவம் ஏலகிரி மலை மாதிரி ஏறி இறங்கும். புது ஆல்பம் செங்கல். பக்கத்தில் நெருங்கிப் பார்த்தால் அலையின் உச்சிகள் கத்தரித்த மாதிரி தட்டையாக நிற்கின்றன. சராசரி உரப்பை அளந்தால் முதல் ஆல்பம் மைனஸ் 11 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குத் தெரியும் உரப்பை அளக்கும் அலகு) பக்கம் வருகிறது, புதியது மைனஸ் 6 பக்கம். பூச்சியம் என்பது கூரை, நெருங்க நெருங்கச் சத்தம் கூடும், அதற்கு மேல் எதுவும் போக முடியாது. 16 பிட் சிடியில் ஏறத்தாழ 96 டெசிபல் இடம் உண்டு. அவ்வளவு பெரிய வீட்டைக் கட்டிவிட்டு மச்சுப்படியிலேயே குடித்தனம் நடத்துகிறீர்கள்.

ஒப்பிடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இரண்டையும் அப்படியே மாற்றி மாற்றிக் கேட்கக் கூடாது. சத்தம் கூடியது எதுவோ அதுதான் நல்லது என்று காது ஏமாறும். சின்ன ஒலியில் கீழ்க்குரலும் மேல்குரலும் காதுக்குக் குறைவாகத் தெரியும் என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். அதனால் முதலில் ஆடாசிட்டியின் லவுட்னஸ் நார்மலைசேஷன் வழியாக இரண்டு பாட்டையும் மைனஸ் 14-க்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு கேளுங்கள். "மாஸ்" அணியில் இருப்பவர்களிடமும் இதையே வேண்டிக் கேட்கிறோம்.

மைனஸ் 14 என்ற கணக்கு எங்கள் கற்பனை அல்ல. ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் பாட்டுகளை அந்த அளவுக்குத்தான் சமன் செய்கிறது. யூடியூபும் அதைவிட உரத்ததை இறக்கிவிடுகிறது. ஆக, உங்கள் புது ஆல்பத்தை 8 டெசிபல் இறக்குவார்கள், முதல் ஆல்பத்தை 3 டெசிபல். இரண்டின் உச்சியும் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்ததால், இறக்கிய பிறகு முதல் ஆல்பத்தின் டிரம்ஸ் அடி புதியதைவிட 5 டெசிபல் உயரமாக நிற்கும். சத்தமாகக் கேட்க வேண்டும் என்று நசுக்கிய ஆல்பம் கடைசியில் சின்னதாகக் கேட்கிறது. வானொலியிலும் சிடியிலும் பக்கத்துப் பாட்டைவிட உரக்கக் கத்தினால் லாபம் இருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலம் போய்விட்டது. லிமிட்டரை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

அக்காவிடம் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் கிதாரின் தடித்த இ தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். ஓர் அலை முடிய 24 மில்லி நொடி ஆகும். லிமிட்டரின் ரிலீஸ் நேரத்தை (அழுத்திப் பிடித்த ஒலியை விட்டுவிட எடுக்கும் நேரம்) அதைவிடக் குறைவாக வைத்தால், அது பாட்டின் உச்சிகளைப் பிடிப்பதை விட்டுவிட்டு உங்கள் தந்தியின் ஒவ்வோர் அலையையும் துரத்தத் தொடங்கும். அலையின் உருவமே மாறிவிடும். ஆறாவது பாட்டில் நீங்கள் வாசித்த இடம் ஈயச் சட்டியைத் தரையில் இழுப்பது போலக் கேட்பது அதனால்தான் என்று நினைக்கிறோம். அதே பாட்டில் ஒவ்வொரு கிக் டிரம் அடி விழும்போதும் குரல் மூழ்கி எழுவதும் லிமிட்டரின் வேலைதான்.

இதில் பொருள் நட்டமும் உண்டு. ஆடி மாதம் முழுக்க இந்தப் பக்கம் மைக் செட் ஓய்வதில்லை. உங்கள் பாட்டும் அதில் ஓடும். உச்சி வெட்டுப்பட்ட ஒலியில் சராசரி மின்திறன் கூடுதல், மேல் அதிர்வெண்களும் கூடுதல். கச்சேரி நடுவே ஒலி அடங்கும்போது ஸ்பீக்கரின் காயிலுக்கு ஆறக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். உங்கள் ஆல்பத்தில் அந்த நேரமே கிடையாது. பாக்ஸில் முதலில் போவது மேல்குரலுக்கான ட்வீட்டர், குழாய் ஸ்பீக்கரில் டிரைவர் யூனிட். மைக் செட்காரர், "இன்னாத்துக்கு இப்படி கத்துறானுங்க?" என்று கேட்டால் அவருக்கு நாங்கள் என்ன பதில் சொல்வது?

இப்படிக் கேட்பது நாங்கள் முதல் ஆட்கள் அல்ல. 2008-இல் அமெரிக்காவின் மெட்டாலிக்கா குழு ஆல்பம் வெளியிட்டபோது இதே சண்டை நடந்தது. அதே பாட்டுகள் கிதார் ஹீரோ என்ற வீடியோ விளையாட்டில் நசுங்காமல் வந்திருந்ததால் ரசிகர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டுவிட்டார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டு மறு மாஸ்டர் கேட்டார்கள். மாஸ்டரிங் மேசைக்கு வருவதற்கு முன்பே மிக்ஸ் (தனித்தனியாகப் பதிந்த ஒலிகளைக் கலந்த கோப்பு) நசுங்கியிருந்தது என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. கனடாவின் ரஷ் குழு 2002-இல் வெளியிட்ட ஆல்பத்துக்கும் இந்தப் பழி உண்டு. அவர்கள் 2013-இல் முழு ஆல்பத்தையும் புதிதாக மிக்ஸ் செய்து வெளியிட்டார்கள். பதினோரு ஆண்டு. நீங்கள் அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, கோப்புகள் இன்னும் கூடத்துக் கணினியிலேயே இருக்கும்.

செய்ய வேண்டிய வேலையும் மலையைப் புரட்டும் வேலை அல்ல. முடிந்த மாஸ்டரைச் சத்தம் குறைத்து அனுப்பினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்; வெட்டுப்பட்ட உச்சி அதில் திரும்பி வராது. வெட்டை ஒட்டித் தரும் மென்பொருள்களும் போன அலையை ஊகித்துத்தான் நிரப்பும். மிக்ஸுக்கே போக வேண்டும். மாஸ்டர் பஸ்ஸில் (எல்லா ஒலியும் சேர்ந்து வெளியேறும் தடத்தில்) லிமிட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். அதைப் போட்டுக்கொண்டே மிக்ஸ் செய்திருந்தால், எடுத்த உடனே டிரம்ஸ் முன்னே பாயும், குரல் பின்னே போகும், "ஐயோ கெட்டுப்போச்சு" என்று திரும்ப மாட்டிவிடத் தோன்றும். அங்கேதான் பொறுமை வேண்டும். பாட்டுக்குப் பாட்டு குரலையும் ஸ்னேர் டிரம்மையும் மறுபடி அளந்து வைத்தால் சரியாகிவிடும். உச்சி கூரைக்கு 3 முதல் 6 டெசிபல் கீழே நிற்கும்படி 24 பிட் கோப்பாக எடுத்து மாஸ்டரிங் செய்பவரிடம் கொடுங்கள். அங்கே லிமிட்டர் 2, 3 டெசிபலுக்கு மேல் பிடிக்க வேண்டாம். சராசரி மைனஸ் 11, 12-இல் நிற்கட்டும். ராக் பாட்டுக்கு அந்த வீரம் போதும். உண்மை உச்சி (ட்ரூ பீக், ஒலியாக மாறும்போது அலை நிஜமாகத் தொடும் உயரம்) மைனஸ் 1-ஐத் தாண்டாமல் இருந்தால் எம்பி3, ஏஏசி ஆக மாற்றும்போது புதிதாக வெடிக்காது.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு: அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. இப்போது சேர்த்துக்கொள்ளலாம், ஏற்ற இறக்கம் இல்லாத ஆல்பம். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரரே 1981-இல் திரும்பி வந்துவிட்டார். நீங்கள் தொலைத்த 5 டெசிபல் திரும்பி வராதா?

பேச்சு வந்துவிட்டதால் இதையும் கேட்டுவிடுகிறோம். ஆல்பத்தின் நன்றிப் பட்டியலில் சாப்பாடு ஏற்பாடு செய்தவர் பெயர் வரை இருக்கிறது, நல்ல விஷயம். பம்பை வாசித்தவர்களுக்கு மட்டும் "நாட்டுப்புறத் தாளம்" என்று ஒரே சொல். நாட்டுப்புறத்துக்காரர்களுக்கும் அம்மா அப்பா பெயர் வைக்கிறார்கள். அடுத்தது, இசைத்தட்டு. "லிமிடெட் எடிஷன்" என்று முன்பதிவு வாங்குகிறீர்களே, அதை எந்த மாஸ்டரிலிருந்து வெட்டுகிறீர்கள்? 52 நிமிட ஆல்பத்தை ஒரே தட்டில் அடக்கினால் பக்கத்துக்கு 26 நிமிடம். பள்ளங்களை நெருக்கி, ஒலியைத் தாழ்த்தித்தான் வெட்ட முடியும். அதில் இந்தச் செங்கல் கோப்பையே ஏற்றினால், சிடியில் நசுங்கியது தட்டில் சின்னதாகவும் நசுங்கும். லிமிட்டருக்குப் பெயர் பொருத்தமாக "லிமிடெட்" எடிஷன்தான்! அப்புறம் சுற்றுப்பயணம். சென்னை உண்டு, பெங்களூரு உண்டு; நடுவில் ஆம்பூரில் பிரியாணிக்கு வண்டி நிற்பதும் உண்டு. மேடை மட்டும் இந்தப் பக்கம் கிடையாது.

மன்னிக்கவும், வந்த வேலையை விட்டுவிட்டோம். சுற்றுப்பயணம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். இப்போதைக்கு நசுக்காத மாஸ்டர் ஒன்று வேண்டும். பழையதை எடுக்கச் சொல்லவில்லை, "மாஸ்" அணிக்கு அது இருக்கட்டும். இன்னொன்றைப் பக்கத்திலேயே வையுங்கள். பத்துப் பாட்டுக்கும் முடியாது என்றால் நான்காவது பாட்டுக்காவது செய்யுங்கள். அதையும் காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறோம். தயவுசெய்து அந்தப் பம்பைக்கு மூச்சுவிட இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆரணி, ஆம்பூர் பக்கத்து ரசிகர்கள்

பின்குறிப்பு: அடுத்த முறை பெங்களூருக்குப் போகும்போது சென்னையில் கிளம்பிய உடனே இந்த ஆல்பத்தை வண்டியில் போடுங்கள், நடுவில் நிறுத்தக் கூடாது. பள்ளிகொண்டா டோல்கேட் வருவதற்குள் உங்களில் யாராவது ஒருவர் கை தானாகப் போய்ச் சத்தத்தைக் குறைக்கும். எந்தப் பாட்டில் குறைக்கிறாரோ, அந்தப் பாட்டிலிருந்து வேலையை ஆரம்பிக்கலாம்.